கோட்டின் அகலம்

நாகபூஷணம் சார் மதியம் கண்ணயரும் நேரம் பார்த்துத்தான்
ஏகவல்லி வருவாள்.
மாதவரத்துக் கிடங்கில் இரவு ஷிப்ட்.
இமையோரம் அட்டைப்பெட்டித் தூசு.
பிளாஸ்டிக் உறைக்குள் பட்டா, வில்லங்கச் சான்று,
தவணை கட்டிய ரசீதுகள்,
தெருப்பெயர் எழுதிய ஒரு துண்டுச்சீட்டு.
தெருவுக்கு அந்தப் பெயரை
இன்னும் யாரும் வைக்கவில்லை.

"என் வீடு மஞ்சளா, ஊதாவா?"

மணலி புதுநகரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் முதுகில்
ஒட்டிக்கொண்டிருக்கிறது எங்கள் அலுவலகம்.
சுவரில் நிலப்பயன்பாட்டு வரைபடம்.
மஞ்சள் என்றால் குடியிருக்கலாம்.
ஊதா என்றால் தொழிற்சாலை.
பச்சை தீட்டிய இடத்தில் நேற்றுப் பதினோரு லாரி நின்றது.
அம்மோனியா வாடை அடிக்கும் நாட்களில்
எல்லா நிறத்துக்காரர்களும் ஜன்னலைச் சாத்துகிறோம்.

ஸ்கேலை வைத்தேன். ஒன்றுக்கு நாலாயிரம்.
மஞ்சளும் ஊதாவும் உரசுகிற இடத்தில்
எந்த வருடமோ, யார் கையோ,
தடித்த நிப்பால் இழுத்த கறுப்புக் கோடு.
அகலம் ஒரு மில்லிமீட்டர்.
தரையில் அது நான்கு மீட்டர்.
அவள் மனை பதினைந்தடிக்கு நாற்பது;
இருபுறச் சுவரின் கனத்தைக் கழித்துப் பார்த்தேன்.
மறுபடியும் அளந்தேன்.

"அக்கா, நீங்க கோட்டுக்குள்ளயே குடியிருக்கீங்க."

"அதான் மழைத்தண்ணி
எந்தப் பக்கமும் போக மாட்டேங்குதா" என்றாள்.

கிழக்கே கன்டெய்னர் யார்டுக்காரர்
இன்னும் இரண்டு ஏக்கரை ஊதாவாக்கக் கேட்டிருந்தார்.
ஆட்சேபம் இருந்தால் இருபத்தோரு நாளுக்குள்.
அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்:
ஐயா, அந்த நிலத்தை மாற்றாதீர்கள் என்று கேட்க வரவில்லை.
அது எப்பவோ மாறிவிட்டது.
ராத்திரி பின்னால் எடுக்கும் டிரெய்லரின்
பீப் பீப்பில்தான் என் மகன்
பத்து வரை எண்ணப் பழகினான்.
எங்களை எதில் சேர்ப்பீர்கள் என்று மட்டும்
தெரியப்படுத்தவும்.

எழும்பூரில் விசாரணை.
அதிகாரி சின்னப் பையன், மரியாதையானவன்.
கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிப்
பெரிதாக்கிக் காட்டினான்.
தெரு பெரிதானது. வீடுகள் பெரிதாயின.
அவள் மாடித் தண்ணீர்த் தொட்டி
புள்ளியாக இருந்து பொட்டாகி, வட்டமாகி வந்தது.
கோடு மட்டும் பெரிதாகவில்லை.
எவ்வளவு கிட்டே போனாலும் அதே மயிரிழை.

வீட்டை நீளவாட்டில் கிழித்துக்கொண்டு போனது.
அடுப்பு மஞ்சளில்.
கட்டில் பாதிக்குப் பாதி.
வாசல் கதவு ஊதாவில்.

"பழைய படத்துல கோடு தடியா இருந்துச்சே சார்.
நாங்க நாலு பேரும் அதுல படுத்திருந்தோமே."

"அது பேனாவோட தப்பும்மா."

திரும்பும் வழியில் எர்ணாவூர்ப் பாலத்தடியில்
முக்கால் மணி நேரம் நெரிசல்.
பேருந்துக் கம்பியில் விரலால் சாம்பலைத் துடைத்து
எதையோ வரைந்துகொண்டே வந்தாள்.

மறுநாள் வங்கிக்குக் கொடுக்க
வீட்டின் தள வரைபடம் வேண்டும் என்றாள்.
வாசற்கதவை நாலடி மேற்கே தள்ளிப் போடு.

அங்கே இப்போது தண்ணீர் டிரம் இருக்கிறது.

"நகத்திக்கிறேன்" என்றாள்.

கதவைப் போட்டேன், திறப்பின் கால்வட்டத்தோடு.
கிழக்கு எல்லைக்கு வரும்போது
பென்சிலைச் சீவலாமா என்று பார்த்தேன்.
சார் எழுந்துவிட்டார், டீ சொல்லச் சொன்னார்.
மழுங்கிய முனையாலேயே
அழுத்தி ஒரு இழுப்பு.